சிவலட்சுமியின் நாலு அறைகள்

சிவலட்சுமியைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவருக்கு எதிராக ஆறு கடிதங்கள் எழுதியவன் நான் என்று சொல்லுவேன். ஒரு மனுசியை ஆறு கடிதங்களில் குற்றம் சொல்லவேண்டுமானால் அவரை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க வேண்டும்! கூடப்பிறந்ததுகள்கூட அப்படிப் பார்த்திருக்காதுகள்.

என் பெயர் கதிர்காமநாதன். கந்தோர் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். வவுனியாவில், ஆஸ்பத்திரியிலிருந்து கால்மணி நேரம் நடக்கிற தூரத்தில், ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். கந்தோரை விட்டபிறகும் கடிதம் எழுதுகிற பழக்கம் என்னை விடவில்லை. ஒழுங்கை விளக்கு எரியாவிட்டாலும் எழுதுவேன், பகலில் எரிந்தாலும் எழுதுவேன். என் மனைவி அருந்ததி, 'இந்த மனுசன் செத்தால் தபால் கந்தோரை ஒருநாள் பூட்டுவாங்கள்' என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சிவலட்சுமி அடுத்த காணிக்காரி. வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது, துணி மாற்றுவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. தேயிலைத் தோட்டத்தில் லயத்து அறை ஒன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாய் தகப்பன் அவரைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தபோது வயது நாலு. பிறகு காடு வெட்டிப் போட்ட கொட்டில். சண்டை முடிந்தபோது முகாமில் தறப்பாள் கூடாரம். அதற்குப் பிறகு வவுனியா ரவுணுக்குள் ஒன்பது வாடகை அறைகள். கணவரை இழந்து, மகளைக் கிளிநொச்சியில் கட்டிக்கொடுத்த பிறகுதான் இந்த இரண்டு பரப்புக் காணியை வாங்கி, ஒரு சின்னக் கல்வீட்டைப் போட்டார். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். எலி அத்தோடு நிம்மதியாக இருந்துவிடும். சிவலட்சுமி இருக்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனால், எல்லோரும் பால் பொங்குவதைப் பார்க்க, இவர் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆஸ்பத்திரியில் சேர முதல் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுத்தவர். எந்தத் தூண் மேலே இன்னொரு மாடியைத் தாங்கும் என்று பார்த்த உடனேயே சொல்லிவிடுவார். 'அத்திவாரம் நல்லாப் போட்டிருக்கிறியள். மேல ரெண்டு அறை எழுப்பினா என்ன?' என்று வீட்டுக்காரரைக் கேட்பார். அந்த மனுசன் அப்போதுதான் கடனும் களைப்புமாகக் கட்டி முடித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்பான். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர், 'இவாவைக் குடிபூரலுக்குக் கூப்பிட்டா அடுத்த அத்திவாரமும் வெட்டிப்போட்டுத்தான் போவா' என்று சொன்னதை நானே கேட்டேன்.

கேலியை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாட்டில் வேலை செய்கிற பிள்ளைகள், கம்பசுக்கு வந்த பிள்ளைகள், கடைகளில் நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் அறை தேடி அவரிடம்தான் வருவார்கள். யார் எங்கே பூட்டின வீட்டை வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கே போன் எடுத்து, 'தம்பி, உங்கட வீட்டுக்குள்ள வௌவால் குடியிருக்குது, ஆக்களை இருக்க விடுங்கோவன்' என்று கேட்ட மனுசி.

ஒருநாள் என் படலையடியில் நின்று எனக்கும் பாடம் எடுத்தார். வாடகை ஏறுகிறதே, அநியாயம், யாராவது ஒரு சட்டம் போட்டு நிறுத்தக்கூடாதா என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

'ஐயா, தக்காளி குறைஞ்சா என்ன நடக்கும்?'

'விலை ஏறும்.'

'தக்காளிக்குத் தெரியிறது வீட்டுக்குத் தெரியாதோ? ஒரு அறைக்குப் பத்துப் பேர் நிண்டா, வீட்டுக்காரன் சொல்லுறதுதான் விலை. பத்து அறை கூடக் கட்டினா, அவன் எங்களைத் தேடி வருவான்.'

'அப்பிடிக் கட்டிக்கொண்டு போனா வெளி ஆக்கள் எல்லாம் வந்து ரவுண் நிறைஞ்சு போகும், பிள்ளை.'

'ஆக்கள் எப்பவோ வந்திட்டினம் ஐயா. பஸ்ஸில நிண்டுகொண்டு.'

நான் பேப்பரைப் பிரித்தேன். முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் இருந்தவனுக்கு இப்படி ஒரு பதில் வந்தால் கோபம்தான் முதலில் வரும்.

அடுத்த மாதமே செயலில் இறங்கிவிட்டார். தன் வீட்டுக்கு மேல் நாலு அறைகள். படம் கீறுவித்து, அனுமதிக்கு விண்ணப்பம் போட்டு, நல்ல நாளும் பார்த்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்து எங்களுக்கும் சொன்னார். அயலட்டைக்குச் சொல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. வெற்றிலையை எடுத்தேன். அவர் படலையைத் தாண்டுவதற்குள் பேனையையும் எடுத்தேன்.

முதல் மூன்று கடிதங்களும் யன்னலைப் பற்றியவை. எங்கள் கிணறு அவருடைய எல்லை வேலிக்கு அருகில் இருக்கிறது. மேலே அறை வந்தால் யன்னல் வரும். யன்னல் வந்தால் கிணற்றடி தெரியும். 'மேற்படி யன்னல்கள் திறக்கப்படும் பட்சத்தில் எமது வீட்டுப் பெண்கள் நீராடுவதற்குப் பெரும் இடையூறு ஏற்படும்' என்று எழுதினேன். நல்ல வசனம். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

விசாரிக்க, அனுமதி கொடுக்கிற கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். பொறுமையான பிள்ளை. கிணற்றடியில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். சிவலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

'ஐயா, இங்க ஆர் குளிக்கிறது?' என்று உத்தியோகத்தர் கேட்டார்.

'எங்கட வீட்டுப் பொம்பிளையள்.'

குசினி வாசலிலிருந்து அருந்ததியின் குரல் வந்தது. 'எந்தப் பொம்பிளையள்? நான் கிணத்தடிக்குப் போய்ப் பதினொரு வரிசம். மோட்டர் பூட்டின நாளில இருந்து உள்ளதான் குளிக்கிறன். மகளும் லண்டனில. இஞ்ச குளிக்கிறது இந்த மனுசன் ஒராள்தான், அதுவும் ஒரு துண்டோட. அதை எந்தப் பிள்ளை யன்னலைத் திறந்து பாக்கப்போகுது?'

உத்தியோகத்தர் கொப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிவலட்சுமி சிரிக்கவில்லை. 'ஐயா சொல்லுறதிலும் ஒரு ஞாயம் இருக்குது தம்பி. அந்தப் பக்கத்து யன்னலை உயரத்தில வைக்கிறன், வெளிச்சம் மட்டும் வந்தாப் போதும்' என்றார். தோற்றவனை ஏசாமல் விட்டால் அவனுக்கு இன்னும் கோபம் வரும். எனக்கு வந்தது. அன்று பின்னேரமே அளவுநாடாவை எடுத்தேன்.

அளந்து பார்த்தபோது உண்மையான ஒரு பிழை அகப்பட்டது. நாலு அறைக்கு ஆட்கள் வந்தால் அவருடைய மலசலகூடக் குழி போதாது. பெரிய குழி வெட்டவேண்டும். அந்த இரண்டு பரப்புக்குள் மிஞ்சியிருந்த ஒரே இடம், பின்பக்கம், என் கிணற்றுக்கு மிகக் கிட்ட. குழிக்கும் கிணற்றுக்கும் இருக்கவேண்டிய தூரம் இல்லை. அடுத்த மூன்று கடிதங்களும் குழியைப் பற்றியவை. இந்தத் தடவை சொன்னதெல்லாம் உண்மை.

உத்தியோகத்தர் வந்து அளந்தார். 'ஐயா சொல்லுறது சரி அக்கா. குழிக்கு இடம் காட்டாட்டி அனுமதி தரேலாது' என்றார். சிவலட்சுமி ஒன்றும் வாதாடவில்லை. 'தண்ணி எல்லாருக்கும் பொதுத்தானே' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். இறக்கி வைத்த கல் ஒழுங்கை ஓரத்தில் இரண்டு மாதம் கிடந்தது. அதன் மேல் புல் முளைத்தது. நான் வென்றுவிட்டேன். அருந்ததி எனக்குத் தேத்தண்ணீர் தரும்போது பால் விடாமல் பிளேன்ரீயாகத் தந்தாள், சீனியும் இல்லாமல். நீரிழிவு என்று காரணம் சொன்னாள். அது காரணமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நீரிழிவு உண்மைதான். வலது காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை. ஒன்றைவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டவேண்டும். கட்டுகிறவள் நிரோஜா என்ற நேர்ஸ் பிள்ளை. கை பஞ்சு மாதிரி. ஆனால் ஒருநாள் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தாள். காத்திருந்த எனக்குத் தலைக்கேறிவிட்டது.

'உன்ர பேரை முழுசாச் சொல்லு பிள்ளை. மேலிடத்துக்குக் கடிதம் எழுதப்போறன்' என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு கீழே குந்தினாள். 'எழுதுங்கோ ஐயா. பஸ் பழுதாப்போச்சுது. முள்ளியவளையில இருந்து வந்து, மாங்குளத்தில மாறி வாறனான். இந்த மாசம் முடிய வேலையை விட்டிடுவன், பிறகு உங்களுக்கு ஒராளும் பிந்தாது.'

'ஏன் விடுறாய்? அரசாங்க வேலையல்லோ?'

பழைய கட்டை மெல்ல நனைத்து எடுத்தபடி சொன்னாள். புருசன் கட்டாரில். பிள்ளைக்கு ஒன்றரை வயது, தாயோடு விட்டுவிட்டு வருகிறாள். அவன் எழும்ப முதல் வெளிக்கிட வேண்டும். திரும்பிப் போகும்போது படுத்துவிடுவான். 'லீவு நாளில தூக்கினா அழுறான் ஐயா. ஆரோ பிற மனுசி தூக்குதெண்டு அம்மம்மாவைப் பாத்துக் கையை நீட்டுறான்.' வவுனியாவில் பதினான்கு இடம் அறை கேட்டிருக்கிறாள். அவளுடைய சம்பளத்துக்குள் அகப்பட்டவை ஒரு ஆளுக்கு மட்டும். தாயும் பிள்ளையும் என்றதும் வீட்டுக்காரர்கள் தண்ணீர், கரண்ட், அழுகைச் சத்தம் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

'சிவலட்சுமி அக்கா நாலு அறை கட்டி, ஒண்டு எனக்கெண்டு சொன்னவா. அதை நம்பித்தான் இவ்வளவு நாளும் இழுத்தனான். பக்கத்து வீட்டில ஆரோ ஒரு மனுசன், கடிதம் கடிதமா எழுதி நிப்பாட்டிப் போட்டாராம்.'

நான் நிமிர்ந்தேன். சிவலட்சுமி தள்ளுவண்டியோடு என் கதிரைக்குப் பின்னால்தான் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்திருப்பாள். சிவலட்சுமி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். 'ஐயா, காலை அசைக்காதேங்கோ, நோகும்' என்றார். பிறகு நிரோஜாவிடம், 'ஐயா எங்கட ஒழுங்கைதான் பிள்ளை. நல்ல மனுசன், வடிவாக் கட்டிவிடு' என்றார்.

எழுபத்தொரு வயதில் எனக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை. புண் நோவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

மூன்று நாள் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என் காணி பெரியது. சிவலட்சுமியின் காணிக்குப் பின்னால் வளைந்து போகிறது. அந்தப் பின்மூலையில் ஒரு வாழைக் கும்பலும் குப்பையும்தான் கிடந்தன. அங்கேயிருந்து என் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். போதும், போதும் போதும் என்கிற தூரம். மற்றக் கிணறுகளும் கிட்ட இல்லை. இது எனக்கு முதலே தெரியாதா? தெரியும். ஒருத்தன் தன் காணிக்குள் இன்னொரு வீட்டுக் கழிவுக்குழியை விடுவான் என்று எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. வேலிக் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டதற்கே வழக்குப் போட்டுக் கோடு ஏறுகிற சாதி நாங்கள்.

நேரே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். 'எனது காணியின் தென்மேற்கு மூலையில் மேற்படி குழியை அமைப்பதற்கு இத்தால் சம்மதம் தெரிவிக்கிறேன்' என்று எழுதி, அடுத்த வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால்காரர் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சிவலட்சுமி கடிதத்தோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

'ஐயா, நாளைக்கு உங்கட மகள் வந்து, எங்கட காணிக்குள்ள ஏன் இந்தக் குழி எண்டு கேட்டா?'

'மூடியைத் திறந்து காட்டு. பிறகு கேக்க மாட்டாள்.'

அருந்ததி வாய்விட்டுச் சிரித்தாள். 'கோயிலுக்குக் காணி எழுதின ஆக்களைக் கேள்விப்பட்டிருக்கிறன், பள்ளிக்கூடத்துக்கு எழுதின ஆக்களைக் கேள்விப்பட்டிருக்கிறன். கக்கூசுக் குழிக்கு எழுதின புண்ணியவான் எனக்கு வாய்ச்ச இந்த மனுசன் ஒராள்தான்' என்றாள். அன்றைக்குத் தேத்தண்ணீரில் பால் இருந்தது.

அனுமதி கிடைத்தது. நிரோஜா, சிவலட்சுமியின் சொல்லைக் கேட்டு, வேலையை விடாமல் இன்னும் ஆறு மாதம் பஸ்ஸில் நின்றாள். நான் மேற்பார்வை. மேசன்மார் என்னைக் கண்டால் கலவையை வேகமாகக் குழைப்பார்கள், தொல்லை சீக்கிரம் போகட்டும் என்று. சிவலட்சுமி வேலை முடிந்து வந்து தானும் கல் எடுத்துக் கொடுப்பார். கட்டுகிற காலத்தில் ஒழுங்கைக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். முனை வீட்டுக்காரர் தன்னுடைய தூணைக் காட்டிச் சிவலட்சுமியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். இப்போது அங்கேயும் மேலே இரண்டு அறைகள் எழும்புகின்றன. அதற்கு எதிராக இதுவரை ஒரு கடிதமும் போகவில்லை. போனால் அது நான் எழுதியதில்லை.

வீடு குடிபூருவதற்கு இரண்டு நாளைக்கு முன், ஒரு பின்னேரம், நிரோஜாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சிவலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாடகை ஒப்பந்தம் எழுதவேண்டும். கடிதம் எழுதுகிற ஆள் நான்தானே. கடித மனுசன் நான்தான் என்று நிரோஜாவிடம் அதற்கு முதலே நானாகச் சொல்லிவிட்டேன். 'எனக்கு அண்டைக்கே விளங்கினது ஐயா, நீங்கள் பேரைக் கேட்ட விதத்தில' என்றாள்.

நல்ல கடதாசியில் ஆறு நிபந்தனைகள் எழுதினேன். வாடகை, தண்ணீர், கரண்ட், படலை பூட்டுகிற நேரம், இப்படி. வாடகைத் தொகையைச் சிவலட்சுமி சொன்னபோது, ரவுணில் கேட்கிறதில் பாதிதானே என்றேன். நாலு அறையிலும் ஆள் இருந்தால் தனக்கு அதுவே போதும் என்றார்.

'அவ்வளவுதானே?' என்று பேனையை மூடப் போனேன்.

'ஏழாவதா ஒண்டு எழுதுங்கோ ஐயா. இந்த அறையில இருக்கிற ஆக்களுக்கு நல்லது கெட்டது எது நடந்தாலும், இந்த முத்தத்தில வைச்சுச் செய்யலாம். செத்தவீடெண்டாலும்.'

'என்ன பிள்ளை, புதுசாக் குடிவாற பிள்ளைக்குக் குடுக்கிற கடதாசியில ஆரும் செத்தவீடெண்டு எழுதுவினமோ? அபசகுனமல்லோ?'

சிவலட்சுமி கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

'எங்கட அவர் ஆஸ்பத்திரியில முடிஞ்சவர் ஐயா. அப்ப நாங்கள் எட்டாவது அறையில. வீட்டுக்காரர் படலையில வந்து நிண்டார். நல்ல மனுசன், அழுதுகொண்டுதான் சொன்னார். பிரேதத்தை இஞ்ச கொண்டராதேங்கோ, செத்தவீடு நடந்த இடமெண்டா பிறகு ஒருத்தரும் குடிவர மாட்டினம் எண்டு. எங்க கொண்டு போறது? ஆஸ்பத்திரியால நேர சுடலைக்குக் கொண்டு போனம். வாய்க்கரிசி றோட்டில வைச்சுத்தான் போட்டம். பின்னால வாகனக்காரங்கள் கோன் அடிச்சுக்கொண்டு நிண்டாங்கள். மகள், கெதியாப் போடுங்கோ அம்மா, கெதியாப் போடுங்கோ எண்டு அழுதவள்.'

நிரோஜா பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். அருந்ததி குசினிக்குள் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீடு வாடகைக்குக் கொடுக்கும்போது கடதாசியில் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லுகிற நிபந்தனை அது, செத்தவீடு இங்கே கூடாது என்பது. முன்பொரு காலம் எங்கள் முன் அறையை ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தபோது நானும் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. இருந்தால் மன்னிப்புக் கேட்பேன்.

ஏழாவதை எழுதினேன். மேற்படி, இத்தால் என்றெல்லாம் போடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். பிறகு ஏழையும் முதலிலிருந்து உரத்து வாசித்தேன். நிரோஜா பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். நான் சாட்சிக்கு வைத்தேன். சிவலட்சுமி பேனையை வாங்கினார், ஆனால் வைக்கவில்லை.

'ஐயா, ஏழாவதை மட்டும் இன்னொருக்கா வாசியுங்கோ' என்றார்.